ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்த தங்கச்சிமாருக்கு

அகதிக் கோரிக்கையோடு ஸ்காபரோவில் வந்திறங்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது குளிருக்கு என்ன உடுப்பு என்றுதான். பாவித்த உடுப்புக் கடையில் நல்ல கோட்டு மலிவாகக் கிடைக்கும். சப்பாத்தை மட்டும் புதிதாக, ஈரம் ஊறாததாகப் பார்த்து வாங்குங்கள். அதைவிட முக்கியமானது உங்கள் கடதாசிகள்.

உங்கள் படம் உள்ள அகதிக் கோரிக்கைப் பத்திரம் உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும், கணவரின் கோப்பில் அல்ல. வைத்தியரிடமும் மருந்துக்கடையிலும் அதைத்தான் காட்ட வேண்டும். உங்கள் வைத்தியச் செலவுக்கு மத்திய அரசு தரும் இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டத்தை (IFHP) ஏற்பார்களா என்று போகுமுன் கேளுங்கள், எல்லோரும் ஏற்பதில்லை. வைத்தியரிடம் மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் உடம்புத் தொல்லையைப் பிள்ளை சுமக்கக் கூடாது. உங்களுக்கும் பாதி சொல்ல வாய் வராது.

வேலை அனுமதி கிடைத்ததும் வேலை செய்யத் தேவையான சமூகக் காப்புறுதி எண் (SIN) எடுங்கள். அது 9 இல் தொடங்கும். அரசாங்கத்திலிருந்து பேசுகிறோம், எண்ணைச் சொல், இல்லாவிட்டால் நாடு கடத்துவோம் என்று யாராவது தொலைபேசியில் வெருட்டினால் உடனே வைத்துவிடுங்கள். வங்கிக் கணக்கும் உங்கள் பெயரில் வேண்டும். ஏற்கத்தக்க அடையாளப் பத்திரங்கள் இருந்தால், வேலையோ போடக் காசோ இல்லை என்பதற்காக வங்கி மறுக்க முடியாது.

அகதிக் கோரிக்கை விசாரணையைப் பற்றித்தான் நம் பெண்கள் வாய் திறப்பதில்லை. குடும்பத்தின் கோரிக்கைகளை ஒன்றாகச் சேர்த்தே விசாரிப்பார்கள். இராணுவத்திடமோ வீட்டிலோ உங்களுக்கு நடந்ததைக் கணவர் முன்னால் சொல்ல முடியாது என்றால், சட்டத்தரணியைத் தனியாகச் சந்தித்து ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். உங்கள் கோரிக்கையைப் பிரித்து விசாரிக்கும்படி அவர் விண்ணப்பிக்கலாம். பெண் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். பெண் என்பதால் நேரும் துன்புறுத்தலை எப்படி விசாரிப்பது என்று கனடா 1993 இலேயே வழிகாட்டி வகுத்தது. ஆகவே நீங்கள் சலுகை கேட்கவில்லை, தங்கச்சி. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் ஒன்ராறியோ சட்ட உதவிக்கு விண்ணப்பியுங்கள்.

லிங்க் (LINC) என்ற மத்திய அரசின் ஆங்கில வகுப்பில் சேர முடிவது கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான். அதுவரை சும்மா இருக்காதீர்கள். மாகாணப் பணத்தில் நடக்கும் வளர்ந்தோர் ஆங்கில வகுப்புகளில் கோரிக்கையாளர்களையும் சேர்ப்பார்கள். பஸ்ஸில் பிரெஸ்டோ பயண அட்டையாலோ வங்கி அட்டையாலோ ஒருமுறை கட்டினால் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கலாம், 12 வயதுவரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. நூலக அட்டையும் இலவசம், தமிழ்ப் புத்தகங்களும் உண்டு.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் உதவித் தகவல் தரும் 211 என்ற தொலைபேசி எண்ணை அழைத்து, ஆங்கிலத்தில் "டமில்" என்று மட்டும் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.