பழைய எம்.ஜி. காரைத் திருத்தி விற்பது: வன்னியில் இருந்து ஒரு வழிகாட்டல்

ஒரு வளவின் மூலையில், ஓலைக் கொட்டிலின் கீழ், எம்.ஜி. என்ற பழைய இங்கிலாந்துக் கார் ஒன்று இன்னும் நிற்கிறது என்று கேள்விப்பட்டவுடன் பொனற்றைத் தூக்கிப் பார்க்கத்தான் எவருக்கும் மனம் ஓடும். அதற்கு முன் லொக் புக், அதாவது காரின் பதிவுப் புத்தகம், எங்கே என்று கேளுங்கள். வன்னியில் ஒரு குடும்பம் மூன்று நான்கு தடவை இடம்பெயர்ந்திருக்கும். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் தொலைந்த வீட்டில் காரின் புத்தகம் மட்டும் தப்பியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பதிவில் உள்ளவர் காலமாகியிருக்கலாம், பிள்ளைகள் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கலாம். அவர்களுடைய சம்மதமும் கையெழுத்தும் கிடைக்காத காரை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் நேர்மையாக விற்க முடியாது. ஆகையால் பழைய இலக்கத்தை வைத்து மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரத்தை எடுத்து, உரிமையாளர் உயிருடன் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழுடனும் வாரிசுகளுடைய எழுத்துடனும் ஒரு சட்டத்தரணியிடம் போய், உரிமை யாருக்கு வருகிறது என்பதைத் தெளிவாக்கிய பின்னரே முற்பணம் கொடுங்கள்.

இலக்கத் தகடும் ஒரு சான்றுதான். 1958 இல் ஸ்ரீ எழுத்து இலக்கங்கள் வருவதற்கு முன் பதியப்பட்ட கார் ஆங்கில எழுத்துகளைத் தாங்கியிருக்கும். காரின் வயதும் இலக்கத்தின் வயதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பயர்வோலில், அதாவது என்ஜினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவே உள்ள தடுப்பில், உள்ள தகட்டின் இலக்கத்தையும் என்ஜின் புளொக்கில் அறையப்பட்ட தகட்டின் இலக்கத்தையும் புத்தகத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, ஈரத் துணியால் மட்டும் துடைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் உப்புத்தாளோ கிறைண்டரோ படக் கூடாது. 2009 இல் முள்ளிவாய்க்கால் பக்கம் ஆயிரக்கணக்கான வாகனங்களை மக்கள் விட்டுவிட்டு வந்தார்கள். அங்கே எடுத்தது என்று யாராவது ஒரு பாகத்தைக் கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள், அதற்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். கார் பற்றைக்குள் நிற்கிறது என்றால் அந்தக் காணியில் மிதிவெடி அகற்றி முடிந்ததா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் ஒரு அடிகூட வைக்க வேண்டாம்.

இங்கே நான் எழுதுவது எம்.ஜி.ஏ. என்ற காரைப் பற்றி. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1955 முதல் 1962 வரை ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல் செய்யப்பட்ட இரண்டு இருக்கைக் கார் இது. பெரும் பங்கு வெளிநாடுகளுக்கே போனது. வன்னியில் இருந்துகொண்டு இதைத் திருத்த முடியும் என்று நான் துணிந்து சொல்வதற்குக் காரணம் அதன் என்ஜின். முதல் எம்.ஜி.ஏ.யில் உள்ள 1489 சீ.சீ. என்ஜின், ஒரு காலத்தில் நம் ஊர்களில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகியவற்றின் என்ஜினுக்கு உடன்பிறப்பு. இந்தியாவின் அம்பாசடரும் பல ஆண்டுகள் இதே என்ஜினோடுதான் ஓடியது. கேம்பிறிஜ் என்ஜினைப் பிரித்துப் பூட்டிய வயதான மெக்கானிக் ஒருவர் பரந்தனிலோ வவுனியாவிலோ உங்களுக்குக் கிடைத்தால் இந்த என்ஜின் அவருக்குப் புதிதாக இராது. 1959 இல் 1588 சீ.சீ.யும் 1961 இல் 1622 சீ.சீ.யும் வந்தன, அவற்றுக்குப் பிஸ்ரன் அளவு வேறு. எனவே என்ஜின் இலக்கத்தில் 15ஜி என்று இருக்கிறதா 16ஜி என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே பாகம் தேடுங்கள்.

காரைப் பார்க்கப் போகும்போது ஒரு காந்தம், ஒரு பழைய திருப்புளி, ஒரு ரோர்ச் போதும். பொனற், டிக்கி மூடி, கதவுத் தோல் ஆகியவை அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டினால் யாரோ தகரம் வைத்திருக்கிறார்கள். இரும்பாக இருக்க வேண்டிய இடத்தில் காந்தம் ஒட்டாவிட்டால் உள்ளே ஓட்டையை அடைக்கும் புட்டிப் பூச்சுதான் இருக்கிறது. கதவின் முன்னும் பின்னும் உள்ள தூண்களின் அடிப்பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் சில், இருக்கைக்குப் பின்னால் பற்றறி தாங்கும் சட்டம் ஆகிய மூன்றிலும்தான் துரு அதிகம் தின்றிருக்கும். திருப்புளியால் குத்திப் பாருங்கள். பிறகு கம்பளத்தை உயர்த்துங்கள். எம்.ஜி.ஏ.யின் தளம் பிளைவூட் பலகை, வன்னியின் மண் கறையான் மண். நான் திருத்திய முதல் காரில் தளம் பார்வைக்கு முழுதாகவே இருந்தது, மேலே போட்டிருந்த வர்ணத்தில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. பெருவிரலால் அழுத்தினேன், பப்படம் போல உடைந்து உள்ளே போனது. இரண்டு தோல்களுக்கு நடுவே மரம் முழுவதையும் கறையான் மண்ணாக மாற்றி வைத்திருந்தது. பலகையை மாற்றுவது சுலபம், பழையதை அச்சாக வைத்து மரைன் பிளைவூட்டில் வெட்டி எடுக்கலாம். சேசியில், அதாவது காரின் அடிச்சட்டத்தில், உள்ள தளச் சட்டங்கள் அப்படி அல்ல. கறையான் கொண்டுவந்த ஈர மண் அவற்றோடு ஒட்டிக் கிடந்த இடமெல்லாம் இரும்பு உக்கியிருக்கும்.

அந்தக் காரில் நான் விட்ட பிழையை நீங்கள் விடக் கூடாது. கதவுக்குக் கீழே உள்ள உக்கிய சில்லை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைக்கப் பார்த்தபோது, தாங்கல் இல்லாத பொடி, அதாவது காரின் உடல், மெல்லத் தாழ்ந்து, கதவு பூட்டும் இடைவெளி மேலே அரை அங்குலம் ஒடுங்கிவிட்டது. கதவு பூட்டவில்லை. செய்த வெல்டிங் எல்லாவற்றையும் வெட்டி மறுபடி செய்ய ஆறு கிழமை போனது. எதையும் வெட்டுவதற்கு முன் கதவு வாயிலுக்குக் குறுக்கே கோண இரும்பு வைத்து முன் தூணையும் பின் தூணையும் இணைத்து ஒட்டுங்கள். கதவைப் பூட்டியே வைத்து, இடைவெளியை நான்கு இடத்தில் அளந்து எழுதிவிட்டு, ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுங்கள். ரிங்கர் என்ற தகர வேலை செய்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எரிபொருள் ராங்கைக் கழற்றி வெளியே தூரத்தில் வைக்காமல் வெல்டிங் தொடங்கவே கூடாது.

என்ஜினுக்கு வருவோம். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், வடக்கில் ஓடிய பெற்றோல் கார்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில்தான் ஓடின; கார்புரேற்றருக்குச் சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்த ஓட்டத்துக்கு ஒரு விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைக் கடந்து கீழே இறங்கி என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்யும், நீர்த்த ஒயில் பேறிங்கைக் காப்பாற்றாது. ஆகவே அக்காலத்தில் ஓடிய எந்தக் காரையும், சத்தம் நன்றாக இருக்கிறது என்பதற்காக நம்பாமல், என்ஜினின் அடியில் ஒயில் நிற்கும் சம்பைக் கழற்றிக் கிராங்க் பேறிங்குகளைப் பாருங்கள். என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைத் தூக்கும்போது, அதன் கீழே இருக்கும் கஸ்கற் தகட்டின் தடிப்பையும் கவனியுங்கள். மண்ணெண்ணெய்க்காகக் கொம்பிரஷனைக் குறைக்க இரண்டு கஸ்கற் வைத்துப் பூட்டியதைக் கண்டிருக்கிறேன்.

பல ஆண்டு நின்ற என்ஜினை ஒருபோதும் இழுத்து ஸ்ரார்ட் செய்ய முயலாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் டீசலும் கியர் ஒயிலும் கலந்து ஊற்றி ஒரு கிழமை விட்டுவிட்டு, பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். அசையாவிட்டால் இன்னொரு கிழமை பொறுங்கள். நட்டுகள் அங்குல அளவு: 7/16, 1/2, 9/16 ஸ்பனர்கள் கட்டாயம் வேண்டும். மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டு நட்டின் மூலையை உருட்டிவிட்டால், அறுபது ஆண்டு தாங்கிய நட்டை உளியால் வெட்ட வேண்டி வரும். கஸ்கற், பேறிங், வோட்டர் பம்ப் போன்றவற்றைச் சென்னையில் அம்பாசடர் பாகம் விற்கும் கடைகளில் விசாரிக்கலாம். பிஸ்ரனையும் கம்ஷாஃப்ற்றையும் மட்டும் பழையதோடு அருகருகே வைத்து அளக்காமல் வாங்காதீர்கள், ஏனென்றால் எம்.ஜி. என்ஜின் வேகத்துக்காக வலுக் கூட்டப்பட்டது.

இந்தக் காரின் இரண்டு எஸ்.யூ. வகைக் கார்புரேற்றர்களையும் ஒரே அளவு மூச்சு வாங்கச் செய்வது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு முழ றப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை முதல் கார்புரேற்றரின் வாயிலும் வைத்தால் காற்று இரையும் சத்தம் கேட்கும். அதே சத்தம் இரண்டாவதிலும் கேட்கும் வரை திறொட்டில் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். அதற்கு முன் மேலே உள்ள பித்தளை மூடியைக் கழற்றி உள்ளே மெல்லிய ஒயில் இருக்கிறதா என்று பாருங்கள், உள்ளே உள்ள பிஸ்ரனை விரலால் உயர்த்தி விட்டால் அது "டக்" என்று தானாக விழ வேண்டும். பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரின் பொயின்ற் இடைவெளி ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 வரை.

மின்சாரத்தில் ஒரு எச்சரிக்கை மட்டும். இந்தக் காரில் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு பூட்டப்படும். இரண்டு 6 வோல்ற் பற்றறிகள் தொடராக இணைந்திருக்கும். இது தெரியாத ஒருவர் வழக்கம்போல் நெகற்றிவ்வைப் பொடிக்குக் கொடுத்தால் டைனமோ சார்ஜ் செய்யாது. பிறேக்கில் சிக்கனம் வேண்டாம். சிலிண்டர் றப்பர்கள், ஹோஸ்கள், குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும் என்பதால் அந்தத் தூசியை ஊதாமல் தண்ணீரால் நனைத்துத் துடைத்தெடுங்கள்.

வர்ணம் பூசுவதற்கு வன்னியில் ஒரே ஒரு நல்ல காலந்தான் உண்டு. மார்கழி மழையில் காற்றின் ஈரம் வர்ணத்தை வெளிறச் செய்யும், தென்மேற்குக் காற்றான சோளகம் தொடங்கிவிட்டால் செம்மண் புழுதி எந்தக் கொட்டிலுக்குள்ளும் வரும். மாசியும் பங்குனியும்தான் இரண்டுக்கும் நடுவே கிடைப்பவை. கொட்டிலின் நிலத்தையும் சுற்றுவட்டத்தையும் நனைத்துவிட்டு விடிகாலையில் அடியுங்கள். நிறத்தை நீங்கள் விரும்பியபடி தெரிவு செய்ய வேண்டாம். இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம், காரின் இலக்கத்தைக் கொடுத்தால் அது செய்யப்பட்ட நாள், முதல் நிறம், அனுப்பப்பட்ட இடம் ஆகியவற்றைப் பழைய ஏடுகளிலிருந்து எடுத்துக் கட்டணத்துக்குச் சான்றிதழாகத் தரும். விற்கும்போது அந்தத் தாள் உங்கள் வாய்ச்சொல்லைவிடப் பெரிது.

இங்குள்ள கார்களில் செல் துண்டு துளைத்த அடையாளம் இருக்கும். நான் திருத்திய காரின் பொனற்றில் ஐந்து துளைகள் இருந்தன. அலுமினியம் வெளியே இருந்து உள்ளே மலர்ந்து கிழிந்திருந்தது. ஐந்தையும் அடித்து நேராக்கி அலுமினியத்தாலேயே ஒட்டினேன். அவற்றில் ஒன்றின் வழியே போன துண்டு பயர்வோலில், வெளியே தெரியாத இடத்தில், போட்ட துளையை மட்டும் அப்படியே விட்டேன். அதைப் புட்டி வைத்து மறைப்பது அந்தக் குடும்பம் பட்டதை மறைப்பது போல எனக்குப் பட்டது. வாங்க வருபவருக்கு அதை நானே காட்டினேன். நீங்கள் முழுவதையும் அடைப்பதாக இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள், கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

விற்பனை உண்மையில் முதல் நாளே தொடங்குகிறது என்பதால் ஒரு கொப்பி போடுங்கள். எந்தத் திகதியில் எதைக் கழற்றினீர்கள், எதை மாற்றினீர்கள், மாற்றியது எம்.ஜி. பாகமா அம்பாசடர் பாகமா, யாரிடம் வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கொழும்பில் கிளாசிக் கார் கிளப் ஒவ் சிலோன் போன்ற கழகங்களின் வழியாக வரும் வாங்குநர்கள் இந்தக் காரை உங்களைவிட அறிந்தவர்களாக இருப்பார்கள். அம்பாசடர் பிஸ்ரனை மறைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். விளம்பரத்துக்குக் காரின் அடிப்பகுதியையும் கதவுத் தூண்களையும் திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் போடுங்கள். விலையைச் செலவின் கூட்டுத்தொகையிலிருந்து தீர்மானிக்காதீர்கள், இதே வகைக் கார் இதே நிலையில் அண்மையில் என்ன விலைக்குக் கை மாறியது என்று விசாரியுங்கள். வெளிநாட்டில் உள்ள உறவுக்காரர் ஒருவர் கேட்டால், காரை நாட்டுக்கு வெளியே அனுப்ப அனுமதி கிடைக்குமா என்பதைச் சுங்கத்திடம் எழுத்தில் கேட்ட பிறகே வாக்குக் கொடுங்கள்.

ஓடிப் பார்ப்பதற்குக் கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதியால் முறிகண்டி வரை கூட்டிச் செல்லுங்கள். என்ஜின் நன்றாகச் சூடாகும் தூரம் அது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் நேரத்தில் காரை நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்து, மறுபடி ஸ்ரார்ட் செய்து காட்டலாம். சூட்டில் ஸ்ரார்ட் ஆகும் எம்.ஜி.யைக் கண்டால் வாங்குபவரின் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

காசு வங்கியூடாக வரட்டும். ஓப்பின் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயர் எழுதாத மாற்றப் படிவத்தில், கையெழுத்து வைக்கவே வேண்டாம். நாளை அந்தக் கார் யாரையாவது மோதினால் பதிவில் இருப்பது உங்கள் பெயர். புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் நிலையைக் கையளிக்கும் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கொப்பி, கேடன் சான்றிதழ், கழற்றிய பழைய பாகங்கள் நிறைந்த பெட்டி, அங்குல அளவு ஸ்பனர்கள் மூன்று எல்லாம் காரோடு போக வேண்டும். பற்றறி மூடியில் "பொசிற்றிவ் பொடிக்கு" என்று வர்ணத்தால் எழுதி, அதை வாங்குபவருக்குக் காட்டிவிட்டுத் திறப்பைக் கொடுங்கள்.