ஹாப்டோகுளோபின் ரிப்போர்ட்: எங்கே தவறிப் போகிறோம்?

சிவப்பணு உடையும்போது சிந்தும் ஹீமோகுளோபினைக் கவ்விப் பிடித்து அப்புறப்படுத்த உதவும் புரதம் ஹாப்டோகுளோபின். பெரும்பாலும் கல்லீரல்தான் இதைச் சுரக்கிறது. எல்லோருக்கும் இது ஒரே வடிவில் இருக்கும் என்று எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

1950-களின் நடுவில் டொராண்டோவில் ஆலிவர் ஸ்மிதீஸ் என்ற விஞ்ஞானி, மாவுச்சத்துக் கூழில் மின்சாரம் பாய்ச்சி ரத்தப் புரதங்களைப் பிரித்தார். கூழில் தெரிந்த ஹாப்டோகுளோபின் கோடுகள் ஆளுக்கு ஆள் மாறின. கையிலிருந்த சில மாதிரிகளை நம்பி, இது ஆண்–பெண் வேறுபாடு என்றே முதலில் நினைத்தார். மாதிரிகள் கூடக்கூட அந்த எண்ணம் நொறுங்கியது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக 1 அல்லது 2 என்ற மரபணு வடிவம் வருவதால் உண்டாகும் 1-1, 2-1, 2-2 என்ற மூன்று வகைகள் அவை. பின்னாளில் நோபல் பரிசு பெற்றவரே சறுக்கிய இடம். நாலு ரிப்போர்ட்டைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுபவர்கள் கவனிக்கவும்.

1-1 சிறிய மூலக்கூறு. 2 என்ற மரபணுவில் ஒரு பகுதி இரட்டித்திருப்பதால், 2-1 சங்கிலியாகவும் 2-2 வளையமாகவும் கோத்துக்கொள்கின்றன. இந்தியர்களிடம் 2-2 வகையே மிகுதி. அது நோயல்ல, ரத்தக் குரூப்பும் அல்ல.

சிவப்பணு அதிகம் உடைந்தால் ஹாப்டோகுளோபின் செலவாகி அளவு இறங்கும். ஆனால் வழக்கமான பரிசோதனை அளவை மட்டுமே சொல்லும், வகையைச் சொல்லாது. 2-2 வகையினருக்குச் சராசரி அளவே 1-1 வகையினரைவிடக் குறைவு. எனவே எண் தாழ்ந்ததுமே சிவப்பணு சிதைகிறது என்று முடிவு கட்டக் கூடாது. கல்லீரல் சுருங்கினாலும் அளவு இறங்கும்; பச்சிளங்குழந்தைக்கு இயல்பாகவே மிகக் குறைவு. இதைவிட ஏமாற்றுவது இயல்பான எண். காய்ச்சலும் அழற்சியும் ஹாப்டோகுளோபினை ஏற்றிவிடுவதால், உள்ளே சிதைவு நடந்தாலும் ரிப்போர்ட் ஒழுங்காகத் தெரியும். எல்.டி.எச். (செல்கள் சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி), மறைமுக பிலிரூபின் (சிவப்பணு உடைவதால் உண்டாகும் மஞ்சள் நிறமி), ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கை மூன்றையும் சேர்த்துப் பார்க்காத மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

2-2 வகையுள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு வைட்டமின் ஈ பலன் தருமா என்று ஆய்வுகள் நடந்துள்ளன. அதைப் படித்துவிட்டுத் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குவது வீண் வேலை.

ஒரு காலத்தில் தந்தை யார் என்ற வழக்குகளிலும் இந்த வகைகள் பயன்பட்டன. 1-1 தாய்க்கு 2-2 குழந்தை பிறக்க முடியாது என்பது கணக்கு. ஆனால் கிழக்காசியாவில் சிலருக்கு இந்த மரபணுவின் ஒரு பிரதியே அழிந்திருக்கும். அத்தகைய தாயின் மறுபிரதி 1 என்றால் சோதனையில் 1-1 என்றே தெரிவார். அழிந்த பிரதியைத் தாயிடமும் 2-ஐத் தந்தையிடமும் பெற்ற குழந்தை 2-2 போலத் தெரியும். பெற்ற தாயையே தாயல்ல என்று சொல்லிவிடும் கோடுகள் அவை.