பி.எம். கிசான் பணம்: விண்ணப்பத்துக்கு முன்னால் பட்டாவைப் பாருங்கள்

விவசாயிகளுக்கான மத்திய அரசின் பி.எம். கிசான் உதவித் திட்டத்தில் வருடத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறும். விண்ணப்பம் போடுவது சின்ன வேலைதான். பணம் வராமல் இழுப்பது பெரும்பாலும் பட்டாவும் பெயரும். அதனால் அங்கேயே தொடங்குவோம்.

1. பட்டா யார் பெயரில்?

தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, புல எண்ணைப் போட்டுச் சிட்டாவை எடுங்கள். உழுவது நீங்கள், பட்டா காலமான அப்பா பெயரில் என்றால் முதலில் வாரிசுச் சான்றிதழ், அப்புறம் பட்டா மாறுதல். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

நில உரிமைக்குக் கணக்குத் தேதி 2019 பிப்ரவரி 1. அதற்குப் பின் கிரயம் வாங்கிய நிலத்தை வைத்து விண்ணப்பித்தால் சிக்கும். வாரிசு முறையில் வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. கூட்டுப் பட்டாவில் இருக்கும் அண்ணன் தம்பிகள் தனிக் குடும்பங்களாக இருந்தால் தனித்தனியே விண்ணப்பிக்கலாம்.

2. தகுதி

கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சேர்ந்து ஒரு குடும்பம். கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா இருந்தாலும் ஒருவருக்குத்தான் பணம். போன ஆண்டு வருமான வரி கட்டியவர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர் சேர முடியாது. அரசு ஊழியர்களுக்கும் கிடையாது, கடைநிலை ஊழியர் தவிர.

குத்தகைதாரருக்கும் இல்லை. டெல்டாவில் கோயில் நிலத்தைத் தலைமுறையாகக் குத்தகைக்கு உழும் குடும்பங்கள் இதனால் வெளியே நிற்கின்றன. மழையும் நட்டமும் அவர்கள் தலையில், உதவி மட்டும் பட்டாக்காரருக்கு. இது மாற வேண்டும்.

"நான் சேர்த்துவிடுகிறேன்" என்று கமிஷன் கேட்பவரை நம்பாதீர்கள். 2020-இல் தமிழ்நாட்டில் இடைத்தரகர்கள் தகுதியில்லாதவர்களை லட்சக்கணக்கில் சேர்த்தது வெளிவந்து, அந்தப் பணத்தைத் திரும்ப வசூலிக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது.

3. பெயர் ஒத்துப்போகிறதா?

பட்டா, ஆதார், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பட்டாவில் 'சுப்பிரமணி', ஆதாரில் 'சுப்ரமணியன்', பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால் என்று இருக்கும். ஊரில் எல்லோருக்கும் ஒரே ஆள் என்று தெரியும், கணினிக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடுங்கள். பட்டாவில் பிழை பெரிதாக இருந்தால் தாலுகா அலுவலகத்தில் திருத்த மனு கொடுங்கள்.

4. வங்கிக் கணக்கு

பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறியிருந்தால் மட்டும் போதாது. அரசு மானியம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்ற இணைப்பும் இருக்க வேண்டும். வங்கியில் "டிபிடிக்கு (அரசுப் பணம் நேரடியாகக் கணக்கில் ஏறுவது) ஆதார் இணைப்பு" என்று கேளுங்கள். இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்ததில்தான் பணம் விழும். பணம் வரவில்லை என்று தேடும் சிலருக்கு அது பழைய கூட்டுறவு வங்கிக் கணக்கில் கிடக்கும்.

5. பதிவு

பி.எம். கிசான் இணையதளத்தில் புதிய விவசாயி பதிவைத் திறந்து ஆதார், கைப்பேசி எண், புல எண், உட்பிரிவு எண் கொடுங்கள். முடியாதவர்கள் பொது சேவை மையம் போகலாம். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணையும் கையோடு பதிந்து வாங்கிவிடுங்கள். பிறகு வட்டார வேளாண்மை அலுவலகத்தில் சரிபார்ப்பு நடக்கும்.

6. இ-கேஒய்சி

விண்ணப்பித்தது நீங்கள்தான் என்று ஆதார் மூலம் உறுதிசெய்வதுதான் இது. கைப்பேசிக்கு வரும் ஓடிபி, விரல் ரேகை, செயலியில் முகம் காட்டுவது, இதில் ஏதாவது ஒன்று. விரல் தேய்ந்த பெரியவர்களுக்கு முகம்தான் சுலபம்.

அப்புறம் அதே தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு நிலை பாருங்கள். நிலப் பதிவு, இ-கேஒய்சி, ஆதார் வங்கி இணைப்பு மூன்றுக்கும் 'ஆம்' என்று இருக்க வேண்டும். ஏதாவது ஒன்றில் 'இல்லை' என்றால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வேளாண் உதவி அலுவலரிடம் காட்டுங்கள், அல்லது 155261-க்கு அழையுங்கள்.