ஃபெரோ, ஃபெர்ரே, துலீ, லாத்தும்: முரண்டு பிடிக்கும் ஒரு லத்தீன் வினையைப் பழக்குவது எப்படி?

லத்தீனின் நான்கு வினை வகைகளும் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே ஒற்றைத் 'த'கர ஒலியையும் பல இடங்களில் 'த்த' என்றே எழுதியிருக்கிறேன். ரகரம் இரட்டிக்கும் இடத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். சிக்கலே அங்கேதான்.

படி 1: நான்கையும் ஒரே மூச்சில்

ஃபெரோ (சுமக்கிறேன்), ஃபெர்ரே (சுமக்க), துலீ (சுமந்தேன்), லாத்தும் (சுமக்கப்பட்டது). 'கொண்டு வா', 'தாங்கிக்கொள்' என்ற பொருள்களும் உண்டு. ஆங்கிலத்தில் 'கோ'வுக்கு 'வென்ட்' வருவதுபோல, இரண்டு வேர்கள் ஒரே வினையாகச் சேர்ந்துவிட்டன. ஃபெரோவின் உறவினர்கள் கிரேக்க 'ஃபெரோ', சமஸ்கிருத 'பரதி', ஆங்கில 'பேர்'. நாம் சொல்லும் 'பாரம்' சமஸ்கிருத வழியில் அதே வேரிலிருந்து வந்தது.

துலீயும் லாத்தும் 'தூக்கு, தாங்கு' என்ற வேறொரு வேர். பழைய லத்தீன் நாடகங்களில் துலீ 'தெத்துலீ' என்றும் வரும். லாத்துமின் முன்னால் ஒரு 'த்' இருந்து உதிர்ந்துவிட்டது, அதனால்தான் இரண்டும் ஒட்டாததுபோல் தெரிகின்றன. துலாம் ராசியின் 'துலா'வும் இந்த வேர்தான்.

படி 2: நிகழ்காலம்

ஃபெரோ, ஃபெர்ஸ், ஃபெர்த், ஃபெரிமுஸ், ஃபெர்த்திஸ், ஃபெருன்த். மூன்றாம் வகை வினைதான். ஆனால் 'ஸ்', 'த்' ஒலிகளுக்கு முன் வரவேண்டிய இகரம் இல்லை. ஏவலிலும் ஈற்று உயிர் கிடையாது: ஃபெர்! (தீக், தூக், ஃபாக், ஃபெர் என்று நான்கையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.)

படி 3: ஒரு 'ர்' ஆ, இரண்டா?

ஃபெரேஸ் என்றால் 'சுமப்பாய்'. ஃபெர்ரேஸ் என்றால், நடக்காத ஒன்றைக் கற்பனை செய்து 'நீ சுமப்பாயானால்' என்று சொல்லும் சப்ஜங்டிவ். ஒரு ரகரம் கூடினால் காலமும் மாறும், வாக்கியத்தின் போக்கும் மாறும்.

காரணம் தெரிந்தால் மறக்காது. இன்ஃபினிடிவின் ('சுமக்க' போன்ற வடிவத்தின்) பழைய விகுதி 'ஸெ'. இரண்டு உயிர்களுக்கு நடுவே அந்த 'ஸ்' ஒற்றை 'ர்' ஆனது; அமாரே (நேசிக்க) அப்படி வந்தது. ஃபெர் + ஸெ என்பதில் நடுவே உயிர் இல்லை. 'ஸ்' பக்கத்து 'ர்' ஆகவே மாறி ஃபெர்ரே ஆனது. இந்த சப்ஜங்டிவை இன்ஃபினிடிவோடு விகுதி சேர்த்தே அமைக்கலாம்: ஃபெர்ரெம், ஃபெர்ரேஸ், ஃபெர்ரெத். எதிர்காலம் அடிச்சொல்லிலிருந்து நேரே வருகிறது: ஃபெரம், ஃபெரேஸ், ஃபெரெத். இரட்டை ரகரத்தைப் பார்த்தால் முதலில் 'உள்ளே ஃபெர்ரே இருக்கிறதா?' என்று கேளுங்கள்.

ஆனாலும் ஏமாற்றுபவை உண்டு. ஃபெர்ரோ நம் வினையே அல்ல, 'இரும்பால்'. ஃபெர்ரீ 'சுமக்கப்பட' என்றும் வரும், 'இரும்பினுடைய' என்றும் வரும். ஃபெரம் 'காட்டு விலங்கை' என்றும் இருக்கலாம். வாக்கியத்தில் வேறு வினைமுற்று இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே விடை கிடைத்துவிடும்.

படி 4: துலீ

துலீ, துலிஸ்தீ, துலித்... விகுதிகள் வழக்கம்போலத்தான். சொல்ல ஒன்றுமில்லை.

படி 5: முன்னொட்டுகள்

அத் + ஃபெரோ: அஃபெரோ, அத்துலீ, அல்லாத்தும் (கொண்டு வா). அப் + ஃபெரோ: ஔஃபெரோ, அப்ஸ்துலீ, அப்லாத்தும் (எடுத்துப் போ). முன்னொட்டு அடுத்த ஒலிக்கேற்ப உருமாறும். ஆகவே மூன்றையும் தனித்தனியே எழுதிப் பழகுவதே நல்லது. டிரான்ஸ்ஃபரும் டிரான்ஸ்லேஷனும் ஒரே வினையின் இரு முனைகள், ரெஃபரும் ரிலேட்டும் அப்படியே. 'டைலேட்' மட்டும் இந்தக் குடும்பம் அல்ல. அது 'அகலமான' என்ற லாத்துஸிலிருந்து வந்தது.

கருவிகள்

சொல்லைப் பிரித்துப் பார்க்க 'விட்டேக்கர்ஸ் வேர்ட்ஸ்' நிரல் வேகமானது. ஆனால் நெடில் குறிகளைக் காட்டாது. எனக்கு 1879-இல் வந்த லூயிஸ்–ஷார்ட் அகராதிதான் பிடிக்கும். அதில் ஃபெர்ரே நான்காவதாக வரும், வரிசையைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

பிற்சேர்க்கை

ஸுஸ்துலீயை ஸுஃபெரோவின் கீழ் தேடிக் குழம்புகிறவர்கள் பலர். 'தூக்கு, அகற்று' என்னும் தொல்லோ என்ற வினை ஸுஸ்துலீ, ஸுப்லாத்தும் இரண்டையும் எடுத்துக்கொண்டது, அங்கே தேடுங்கள். ஃபெர்த்துர் என்று தனியாக வந்தால் 'சுமக்கப்படுகிறது' என்று மட்டும் பார்க்காதீர்கள். கதை சொல்லும் இடத்தில் அது பெரும்பாலும் 'என்று சொல்லப்படுகிறது'.