இசிஎச்எல் பருவத்தைப் பின்தொடர்வது எப்படி?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் முதல் நிலை லீகான என்எச்எல், இரண்டாம் நிலை லீகான ஏஎச்எல் ஆகியவற்றுக்கு அடுத்த படியில், 1988-இல் தொடங்கப்பட்ட இசிஎச்எல் லீக் இருக்கிறது. அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை ஒவ்வோர் அணியும் 72 ஆட்டங்கள் ஆடும்.

முதலில் புள்ளிப் பட்டியலைப் படிக்கப் பழகுங்கள். வெற்றிக்கு 2 புள்ளிகள். கூடுதல் நேரத்திலோ, அதன் பிறகும் சமநிலை நீடித்தால் கோல்கீப்பருக்கு எதிரே வீரர்கள் ஒவ்வொருவராக கோல் அடிக்க முயலும் ஷூட்அவுட்டிலோ தோற்றால் 1 புள்ளி. வழக்கமான 60 நிமிடங்களுக்குள் தோற்றால் ஒன்றுமில்லை. அணிகள் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை பருவத்தின் நடுவில் சமமாக இராது என்பதால், மொத்தப் புள்ளிகளை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பெற்ற புள்ளிகளை, எல்லா ஆட்டங்களையும் வென்றிருந்தால் கிடைத்திருக்கும் புள்ளிகளால் வகுத்துப் பாருங்கள். 40 ஆட்டங்களில் 50 புள்ளிகள் பெற்ற அணியின் விகிதம் 0.625, 36 ஆட்டங்களில் 47 புள்ளிகள் பெற்ற அணிக்கோ 0.653. பட்டியலில் கீழே நின்றாலும் பின்னதே மேலான அணி.

அடுத்து, வீரர் மாற்ற அறிவிப்புகளை நாள்தோறும் பாருங்கள். என் கணிப்பில், ஆட்ட முடிவுகளைவிட இவையே அதிகம் சொல்லும். என்எச்எல் அணியின் கோல்கீப்பர் ஒருவர் காயமடைந்தால், ஏஎச்எல்லிலிருந்து ஒருவர் மேலே போவார், அந்த இடத்தை நிரப்ப இசிஎச்எல்லிலிருந்து ஒருவர் அழைக்கப்படுவார். நேற்றுவரை உறுதியாக நின்ற அணி இன்று தடுமாறுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வெள்ளி, சனி, ஞாயிறு என அடுத்தடுத்து மூன்று ஆட்டங்கள் வரும் வாரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று எந்தக் கோல்கீப்பர் நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள். பருவத்துக்குப் பின் லீக் சாம்பியனைத் தீர்மானிக்கும் கெல்லி கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளில், இரு அணிகள் மோதும் ஒவ்வொரு தொடரிலும் நான்கு வெற்றிகளை முதலில் எட்டும் அணியே முன்னேறும்.