பூட்டிய வீட்டைத் திறக்கும் முன்: பிள்ளைகள் விஷத்தில் கை வைக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். செவ்வாய்ப் பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ திறந்தால், சென்னைப் பிள்ளைகள் வளவு முழுக்க ஓடும். ஒருமுறை தங்கை மகன் டிரங்குப் பெட்டியிலிருந்த பாச்சா உருண்டையைப் பெப்பர்மிண்ட் என்று வாயில் போட்டுவிட்டான். அப்பத்தா பால் தம்ளரோடு ஓடிவந்தார். தடுத்தோம். பாச்சா உருண்டை கொழுப்பில் கரையும். பால் அதைச் சீக்கிரம் உடம்பில் ஏற்றிவிடும். துப்பவைத்து, வாயைக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

முதல் வேலை: பிள்ளைகள் வருவதற்கு முந்தின நாளே, மண்டியிட்டு அவர்கள் உயரத்தில் வீட்டைப் பாருங்கள். பத்தாயத்துக்கு அடியில், மூன்றாங்கட்டு மூலையில் வாட்ச்மேன் வைத்த எலி மருந்து இருக்கும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்தான் மோசம். தின்றவர் ஓரிரு நாள் தேறியதுபோலத் தெரிவார். அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். "நல்லாத்தானே இருக்கான்" என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்து: மண்ணெண்ணெய், பினாயிலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. தரை கழுவ ஆசிட் எதற்கு? ஆத்தங்குடித் தரைக் கல்லுக்கு அது ஆகவே ஆகாது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சாமி அறையில் கற்கண்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சூடம் வேண்டாம். சின்னப் பிள்ளை கொஞ்சம் தின்றாலே வலிப்பு வரும். ஐயாவின் சர்க்கரை மாத்திரை ஒன்று போதும், குழந்தைக்கு ஆபத்து.

நடந்துவிட்டால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் வெளியே வரும்போது நுரையீரலுக்குள் போகும். ஆசிட் தொண்டையை இரண்டாம் முறை சுடும். மயங்கியிருந்து மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷமாவது கழுவுங்கள்.

உடனே 108. என்ன, எவ்வளவு, எப்போது என்று சொல்லுங்கள். நம் வீடுகளுக்கு முகப்பு ஒரு தெரு, பின்கட்டு அடுத்த தெரு. எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதையும் சொல்லி, அங்கே ஓர் ஆளை நிறுத்துங்கள். டப்பா, அட்டை எதுவானாலும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது எலி மருந்து எத்தனை இடத்தில் வைக்கிறார் என்று வாட்ச்மேனைக் காலண்டர் பின்னால் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை எண்ணி எடுக்கலாம்.