பல்செட் சுருக்கத்தைக் குறைக்க

சிங்கப்பூர் தோ பாயோவில் ஒரு சின்ன லேபில் பல்செட் செய்கிறேன். அக்ரிலிக் திரவம் மட்டும் இறுகினால் கன அளவில் சுமார் 21 சதவீதம் சுருங்கும். அதனால்தான் 1 பங்கு திரவத்துக்கு, ஏற்கெனவே இறுகிய அக்ரிலிக்கின் பொடி 3 பங்கு. சுருக்கம் 7 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். திரவத்தைக் கூட்டவே கூட்டாதீர்கள். ஒட்டாத மாவுப் பதம் வந்ததும் அச்சில் நிறைத்து அழுத்துங்கள். அப்புறம் 74 டிகிரி தண்ணீரில் 8 மணி நேரம். நான் இரவில் வைத்துவிட்டுப் போவேன்.

ஆறவிடுவதுதான் முக்கியம். ஒருமுறை அவசரப்பட்டு ஃபிளாஸ்க்கை, அதாவது அச்சு இருக்கும் உலோகப் பெட்டியை, சூட்டோடு குழாய்த் தண்ணீரில் காட்டினேன். மேல்செட் அண்ணத்தின் நடுவில் தூக்கிக்கொண்டது. அந்தச் செட்டுக்காகக் காத்திருந்த பாட்டி இன்னும் ஒரு வாரம் கஞ்சியோடு இருக்க வேண்டியதாயிற்று. இப்போது தானாக முழுசாக ஆறும்வரை திறப்பதில்லை. மெருகேற்றிய செட்டைத் தண்ணீரிலேயே போட்டு வையுங்கள். ஈரம் உறிஞ்சிச் சற்று விரியும்.